கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பால்

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் இளம் தகப்பன் ஒருவர் போட்டிருந்தார். குழந்தை குறைமாதம், ஆஸ்பத்திரியில் இருக்கிறது, தாய்க்குப் பால் போதவில்லை, பால் கொடுக்கும் தாய்மார் யாராவது இருந்தால் சொல்லவும், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று. கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள். ஒருத்தி உடனேயே, "எனக்கு நிறைய இருக்கு அண்ணா, பிரிட்ஜில வைச்சிருக்கிறன்" என்று எழுதியிருந்தாள்.

நான் படியேறிப் போய் அவருடைய கதவைத் தட்டினேன். வாசலில் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். "தம்பி, நான் எழுதித் தாறன், அதுவரைக்கும் ஒருத்தரிட்டையும் வாங்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். வாக்குக் கொடுத்தாயிற்று, எழுதுகிறேன்.

நான் குளிரூட்டி திருத்துகிறவன். கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை காலி வீதியில் உள்ள சுப்பர்மார்க்கெட்டுகளின் குளிர் அறைகளைப் பார்ப்பது என் வேலை. ஐஸ்கிரீம் பெட்டியில் வெப்பம் இரண்டு பாகை ஏறியிருந்தால் மனேஜரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் ஏசுவேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இதை வாசித்துப்போகையில் நீங்கள் என்னிடம் கேட்க நினைக்கும் கேள்வியை நான் என்னிடம் பல தடவை கேட்டுவிட்டேன்.

என் மனைவி சுகந்திக்கு இருபத்தொன்பதாவது கிழமையில், ஏழாம் மாதத்தில், பிரஷர் ஏறியது. வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். காலையில் கிளினிக்குக்குப் போனவளை அப்படியே வாட்டில் மறித்து, பின்னேரம் வெட்டி எடுத்தார்கள். முதலில் மகன், ஒரு கிலோவும் இருநூறு கிராமும். இரண்டு நிமிடம் கழித்து மகள், எண்ணூற்று எண்பது கிராம். எங்கள் ஆட்களில் முப்பத்தோராம் நாள் துடக்கு என்ற பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழித்த பிறகுதான் பெயர் வைப்பார்கள். ஆகவே இன்கியூபேட்டர் என்ற அந்தச் சூட்டுப் பெட்டிகளில் 'சுகந்தியின் குழந்தை ஒன்று', 'சுகந்தியின் குழந்தை இரண்டு' என்று எழுதி ஒட்டியிருந்தது. நாங்கள் பெரியவன், சின்னவள் என்றோம்.

குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்குள் தகப்பன்மாருக்கு இடமில்லை. நாளைக்கு அரை மணித்தியாலம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். மற்ற நேரம் உட்கார வெளியே ஒரு நீளமான மர வாங்கு. அதில் என்னைப்போல ஐந்தாறு பேர், சிங்களவர், முஸ்லிம்கள், நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இருப்போம். ஒருவர் எழுந்து கண்ணாடியருகே போய் வந்தால் மற்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்ப்போம்.

இரண்டாம் நாள் பெரிய டொக்டர் வந்து விளக்கினார். ஐம்பது வயதுச் சிங்களப் பெண்மணி, எங்கோ தமிழும் கொஞ்சம் படித்திருந்தார். இப்படிப் பிறந்த பிள்ளைகளின் குடல் இன்னும் முற்றாத பிஞ்சு, டின் மாவில் கரைக்கும் மாப்பாலை அதனால் சமாளிக்க ஏலாது, தாய்ப்பால்தான் அதற்கு உணவும் மருந்தும் என்றார். சின்னவளுக்கு இப்போதைக்கு ஒன்றுமே இல்லை, நாளத்தால் ஏற்றும் சத்து மட்டும்தான். பெரியவன் உசாராக இருக்கிறான், அவனுக்குத் தொடங்கலாம். மூக்கால் விட்ட மெல்லிய குழாய் வழியாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்த ஐந்தில் ஒரு பங்கு சுகந்தியிடம் இல்லை.

வாட்டுக்குப் பக்கத்தில் பால் பிழியும் அறை இருந்தது. வட்டமாகக் கதிரைகள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாய்மார் போய் இருந்து, கையால் பிழிந்து, ஆஸ்பத்திரி கொடுக்கும் அவித்த கோப்பையில் எடுத்து, பெயரும் நேரமும் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். சுகந்தி வெட்டின காயத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு போவாள், கோப்பையின் அடி ஈரமாகக்கூட இல்லாமல் வருவாள்.

"பக்கத்தில இருக்கிற பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. கோப்பை நிறைய நிறைய எடுக்கிறாள். எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்றாள்.

"இதில என்ன வெக்கம்? உமக்குப் பிரஷர் வருத்தம், அதால பிந்துது" என்றேன்.

"உங்களுக்கென்ன, நீங்கள் வெளியில இருக்கிறீங்கள்."

அங்கே ஒரு தமிழ் நேர்ஸ் இருந்தார், மலைநாட்டில் அட்டன் பக்கம். எல்லோரும் மிஸ்ஸி என்றே கூப்பிடுவோம். அவர்தான் பால் வங்கியைப் பற்றிச் சொன்னார். பால் கூடுதலாக இருக்கும் தாய்மார் கொடுப்பதைச் சேர்த்து, சூடாக்கி, சோதித்து, தாய்க்குப் பால் வராத குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். அந்த நாட்களில் பால் கொஞ்சம் குறைவு, ஆகச் சின்னக் குழந்தைகளுக்கே முதலிடம்.

"பெரியவருக்கு நாளைக்கு ஒரு போத்தல் வந்துரும் அண்ணே. அதுவரைக்கும் சேலைன்ல சத்து போய்க்கிட்டேதான் இருக்கு. பசியில இல்ல, நீங்க பயப்படாதீங்க."

"என்ர தங்கச்சிக்கு நாலு மாசப் பிள்ளை. அவவிட்ட வாங்கிக் கொண்டு வரட்டோ?" என்று கேட்டேன்.

"வெளிப்பால் உள்ளுக்கு எடுக்க மாட்டாங்க அண்ணே. அவங்களுக்கு ரத்தம் சோதிக்கணும், பாலைச் சோதிக்கணும். அவங்கள இங்க கூட்டிக்கிட்டு வாங்க, செஞ்சு குடுப்பாங்க. ரெண்டு மூணு நாள் போகும்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்று பாருங்கள். அத்தனையும் என் காதில் விழுந்தது. மனதில் நின்றது ஒரே ஒரு சொல்தான், பசி. இல்லை என்றுதான் அவர் சொன்னார். ஆனால் பிறந்ததிலிருந்து வாயில் ஒன்றும் வைக்காத பிள்ளை பசியோடு இல்லை என்று எந்தத் தகப்பனால் நம்ப முடியும்?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் தங்கச்சி வனஜாவுக்கு வாங்கில் இருந்தே கோல் எடுத்தேன். விசயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"என்ன அண்ணா கதைக்கிறீங்கள்? இஞ்ச அபி குடிச்சு மிஞ்சினதைச் சிங்குக்குள்ள ஊத்திறன். அங்க என்ர மருமோன் பட்டினியோ? நாளைக்கு விடிய வாங்கோ."

போகும்போது நான் வேலைக்குக் கொண்டுபோகும் குளிர்ப்பெட்டியை எடுத்துப் போனேன், உள்ளே ஐஸ் கட்டிகளோடு. இதையும் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியாமல் நடந்த பிழை இல்லை இது. வனஜா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"இதென்ன மீனோ அண்ணா, ஐஸ் போட்டுக் கொண்டு போக? குளிர்ப்பாலைக் குடுத்தால் பச்சைப் பிள்ளைக்கு நெஞ்சில சளி கட்டிப்போடும். இளஞ்சூடாப் போகவேணும், நான் மடியில வைச்சுக் குடுக்கிற மாதிரி."

முதல் நாள் பின்னேரத்திலிருந்து பம்பால் எடுத்துச் சேர்த்த பாலை அவள் ஒன்றாக ஊற்றி, சுடுதண்ணீருக்குள் வைத்துச் சூடாக்கி, தான் பிள்ளை பெற்ற காலத்தில் கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் குடித்த பிளாஸ்க்கில் ஊற்றித் தந்தாள். பிளாஸ்க்கைச் சுடுதண்ணீரால் மூன்று தரம் அலசினாள். பம்பையும் நன்றாகக் கழுவித்தான் வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. குளிர் அறைகளில் இறைச்சிக்கும் மீனுக்கும் பார்க்கிற கணக்கை என் பிள்ளையின் பாலுக்குப் பார்க்க மனம் வரவில்லை. ஐஸை அவளுடைய குசினிச் சிங்கில் கொட்டினேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வர, காலை நெரிசலில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. பிளாஸ்க்கை மடியில் வைத்திருந்தேன். அதன் சூடு காற்சட்டைக்கு மேலால் தெரிந்தது. அதுவரை நான் என் பிள்ளைகளைத் தொட்டதில்லை. அந்தச் சூடு எனக்குப் போதுமாக இருந்தது.

அதன் பிறகு சுகந்தியின் வேலை. பாலைச் சின்னப் போத்தலில் ஊற்றி, சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு பால் பிழியும் அறைக்குள் போனாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்து கோப்பைக்குள் ஊற்றினாள். தன் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒட்டிக் கொடுத்தாள். வாங்கின சிங்கள நேர்ஸ் கோப்பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மாட்ட கிரி ஆவா!" என்று சத்தம் போட்டுச் சொன்னாராம். அம்மாவுக்குப் பால் வந்துவிட்டது. அறையிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்களாம், அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை கைகூடத் தட்டினாளாம்.

அன்று பின்னேரம் அட்டன் மிஸ்ஸி என்னிடம் வந்தார். "பெரியவருக்குன்னு வச்சிருந்த பேங்க் பால பக்கத்து பேபிக்கு குடுத்துட்டோம் அண்ணே. உங்களுக்குத்தான் வந்துருச்சே." நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். ஏதோ புண்ணியம் செய்தவனைப்போல நெஞ்சு நிமிர்ந்தது. சோதித்த பால் என் மகனுக்கென்று வந்து, எங்களுடைய பொய்யால் அவனைத் தாண்டிப் போனது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மூன்று நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் காலை சுகந்திக்கு உண்மையாகவே பால் வந்தது. நெஞ்சு கல்லாகி, சட்டை நனைந்து எழும்பினாளாம். சந்தோசத்தில் எனக்கு கோல் எடுத்தாள். "இனி வனஜாவைக் கரைச்சல் படுத்தத் தேவையில்லை" என்றாள். அந்தக் கோலை வைத்து அரை மணித்தியாலத்தில் பெரியவனின் வயிறு ஊதியிருக்கிறது என்று சொன்னார்கள்.

கொடுத்த பால் வயிற்றிலேயே தங்கி, குழாயால் பச்சை நிறமாகத் திரும்பி வந்தது. மலத்தில் இரத்தம். மூச்சை இடைக்கிடை மறந்துபோனான். டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குடல் அழுகத் தொடங்கும் ஒரு வருத்தம் இது, குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும், கிருமி இரத்தத்திலும் ஏறியிருக்கலாம் என்றார். பாலை நிறுத்தினார்கள். மூச்சுக்கு மெசின் போட்டார்கள். இரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள், அதற்கு இரண்டு நாளாவது வேண்டும், அதுவரை அநேகமாக வரக்கூடிய கிருமிகளை நினைத்து மருந்து போடுவோம் என்றார். பிறகு சுகந்தியிடம் கேட்டார். "அம்மா, உங்கட பாலைத் தவிர வேற பால் குடுத்ததா?"

சுகந்தி இல்லை என்றாள்.

வெளியே வந்து அதை எனக்குச் சொன்னாள். "சொல்லிப்போடுவம்" என்றேன்.

"சொன்னால் சின்னவளைத் தொடவும் விடமாட்டினம். என்னை வெளியில போடுவினம். வனஜாவைக் கூப்பிட்டு விசாரிப்பினம். அந்தப் பெட்டை என்ன பாவம் செய்தது?"

"அப்ப என்ன செய்யிறது?"

"பொறுங்கோ. மருந்து போட்டிருக்கினம்தானே. நாளைக்குப் பாப்பம்."

நான் பொறுத்தேன். அவளைச் சாட்டவில்லை. வாங்கில் இருந்து எழுந்து பத்து அடி நடந்தால் டொக்டருடைய அறை, கதவு திறந்தே இருந்தது. ஒரு முழு நாள் நான் அந்தப் பத்து அடியை நடக்கவில்லை.

மறுநாள் காலை போய்ச் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனையை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். யாருடைய பால், எதனால் எடுத்தது, எதில் வைத்தது, எத்தனை மணித்தியாலம்.

"குளிராகவா, சூடாகவா?"

"இளஞ்சூடா, டொக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை செய்றது?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மருந்தை மாற்ற எழுந்து போனார்.

பிறகு அவர் எனக்கு விளங்கப்படுத்தியதை, இதை வாசிக்கும் தம்பிக்காக எழுதுகிறேன். தாய்ப்பாலில் கிருமியே இல்லை என்று நினைப்பது பிழை. எந்தத் தாயின் தோலிலும் பாலிலும் கொஞ்சம் இருக்கும். முலையிலிருந்து நேரே குடிக்கும் கொழுத்த பிள்ளைக்கு அதனால் ஒன்றும் வராது. பிழிந்து எடுத்து வைக்கும்போதுதான் சிக்கல். பம்பில் கழற்றிக் கழுவ வேண்டிய ரப்பர் வளையங்கள் உண்டு, அவற்றின் அடியில் பழைய பால் ஒட்டியிருந்தால் அங்கே கிருமி குடியிருக்கும். குளிரில் அது பெருகாமல் கிடக்கும். உடம்புச் சூட்டில் வைத்தால் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒன்றரை மணித்தியாலத்தில் அதன் கணக்கே வேறு. அந்தப் பாலின் நிறத்திலோ மணத்திலோ ருசியிலோ ஒன்றும் தெரியாது.

வனஜாவின் பிரிட்ஜில் முதல் நாள் எடுத்த பால் ஒரு போத்தல் மிஞ்சியிருந்தது. அதையும் பம்பையும் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் போய் எடுத்து வந்தேன், ஒழுங்காக ஐஸ் போட்டு, நாலு பாகையில். குடிக்கக் கொடுக்க அல்ல. வாசலில் நின்ற வனஜா, "ஏன் அண்ணா என்ர பம்பைக் கேக்கினம்?" என்றாள். "சும்மா ஒரு செக்கிங்" என்றேன். அவள் சின்னப் பிள்ளை இல்லை.

இரத்தத்தில் வளர்ந்ததும் பம்பின் வளையத்தில் வளர்ந்ததும் ஒரே இனக் கிருமி. டொக்டர் அதைச் சொல்லிவிட்டு இதையும் சொன்னார். "இந்தக் கிருமி ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. இந்த வருத்தம் சுத்தமான பால் குடிச்ச பிள்ளைக்கும் வருது. பாலாலதான் எண்டு நான் சத்தியம் பண்றது இல்லை. பாலால இல்லை எண்டும் சொல்ல ஏலாது."

"ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தால், டொக்டர்?"

"தெரியாது" என்றார். பொய் சொல்லி என்னை ஆறுதல்படுத்தலாம் என்று அவர் நினைக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

ஒன்பதாம் நாள் பகல் பதினொன்றரைக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தகப்பனை உள்ளே கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று வாங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பச்சை அங்கி போட்டுவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவச் சொன்னார்கள். சுகந்தி கதிரையில் இருந்தாள், அவளுடைய நெஞ்சில் அவன். குழாய்களை எடுத்துவிட்டிருந்தார்கள். முதல் தடவையாக அவனுடைய முழு முகத்தைப் பார்த்தேன். என்னுடைய மூக்கு. பிறகு என் கையில் தந்தார்கள். ஒரு கிலோ சீனிப் பக்கெட்டின் பாரம்தான், அதற்கு என் இரண்டு கையும் போதவில்லை. அவன் போய்ச் சேர்ந்த நேரத்தை நான் கவனிக்கவில்லை, மிஸ்ஸிதான் மெதுவாகச் சொன்னார்.

நானும் வனஜாவின் புருசனும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. அங்கே பதிவதற்குப் பெயர் கேட்டார்கள். பெயர் வைக்கவில்லை என்றேன்.

சின்னவள் பிழைத்தாள். நோஞ்சான் என்று எல்லோரும் பயந்த பிள்ளை, ஒன்றும் குடிக்க முடியாமல் கிடந்ததால் அந்தப் பாலும் குடிக்காமல் தப்பினாள். கெட்டிக்காரன் என்று நாங்கள் சந்தோசப்பட்டவன் கெட்டிக்காரனாக இருந்ததாலேயே போனான். இதை யோசிக்கத் தொடங்கினால் எனக்கு வேலை ஓடாது.

அவளுக்குப் பால் தொடங்க வேண்டிய நேரம் வந்தபோது சுகந்தி கோப்பையைத் தொட மாட்டேன் என்றாள். பால் தன்பாட்டில் வந்து சட்டை நனைந்துகொண்டிருந்தது. "என்ர கையால இனி ஒண்டும் வேண்டாம்" என்று சிங்கில் பிழிந்து விட்டாள். ஆகவே வங்கிப் பாலுக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கும் கை ஓடவில்லை. மிஸ்ஸி என்னைக் கூட்டிப்போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த அறையைக் காட்டினார். பால் தரும் தாய்மாரின் இரத்தத்தை முதலில் சோதிக்கிறார்கள். பிறகு பாலில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கிறார்கள், கிருமி கூடுதலாக இருந்தால் அப்போதே ஊற்றிவிடுவார்கள். ஏனென்றால் சூடு எல்லாவற்றையும் கொல்லாது, சில கிருமிகள் செத்தாலும் அவை விட்ட நஞ்சு பாலில் நிற்கும். தப்பின பாலை அறுபத்திரண்டரைப் பாகையில் அரை மணித்தியாலம் வைத்து, உடனே குளிராக்கி, திரும்பவும் ஒரு துளியைச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஒன்றும் வளரவில்லை என்று எழுதி வந்தால்தான் போத்தல் வெளியே வரும். நான் பிரிட்ஜின் வெப்பமானியை வாசித்தேன். கதவில் தொங்கிய தாளில் காலையும் மாலையும் எழுதியிருந்த பாகைகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

யாரென்று தெரியாத பெண்களின் பால் என் மகளைப் பத்து நாள் காப்பாற்றியது. அதற்குப் பிறகு மிஸ்ஸி சுகந்திக்குப் பக்கத்தில் நின்று, தானும் கழுவி அவளையும் கழுவ வைத்து, அவளுடைய பாலையும் ஒருமுறை சோதனைக்கு அனுப்பினார். ஒன்றும் வளரவில்லை என்று வந்த துண்டுத் தாளை சுகந்தி இன்னும் கைப்பையில் வைத்திருக்கிறாள். மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. கதிரையைத் தள்ளிக்கொண்டு வீடு முழுக்கத் திரிகிறாள், பிடித்து நிறுத்தினால் கடிக்கிறாள்.

தம்பி, உங்களுக்கு நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். பிரிட்ஜில் பால் வைத்திருக்கும் அந்தத் தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், போத்தலை அல்ல. இரண்டு மூன்று நாள் போகும். போகட்டும்.

ஆனால் வனஜாவை நான் பாதியில் விட்டுவிட்டேன். அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மகன் போய் நாலாம் நாள், சின்னவள் வங்கிப் பாலில் இருந்த நேரம், வனஜாவின் புருசன் கோல் எடுத்தார். அவள் அபிக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டாளாம். மாப்பால் கரைத்துக் கொடுக்கிறாளாம், அவன் துப்பிவிட்டு அழுகிறானாம். நெஞ்சு கட்டிக் காய்ச்சல் அடிக்குதாம், டொக்டரிடம் வர மறுக்கிறாளாம். "நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுங்கோ மச்சான், நான் சொல்லிக் கேக்கிறாள் இல்லை."

வாட்டிலிருந்து அன்றுதான் வெளியே வந்திருந்த சுகந்தி இதைக் கேட்டுவிட்டு எழுந்து செருப்பைப் போட்டாள்.

"துடக்கோட எப்பிடி ஒரு வீட்டுக்குப் போறது?" என்றேன்.

"துடக்காம், மண்ணாங்கட்டி. த்ரீவீலைக் கூப்பிடுங்கோ."

வனஜா அறைக்குள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். அபி முன்னறையில் தகப்பனின் தோளில் கத்திக்கொண்டிருந்தான். சுகந்தி அவனை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஒன்றும் கேட்காமல் வனஜாவின் மடியில் வைத்தாள்.

"வேண்டாம் மச்சாள். எடுங்கோ. என்ர பால் நஞ்சு."

"நாலு மாசமா அவன் என்னத்தைக் குடிச்சு இப்பிடிக் கொழுத்தவன்? காத்தையோ?"

"நான்தான் உங்கட பிள்ளையை..."

"வாயை மூடும். பம்பைக் கழுவினது நீர். சூடாக் கொண்டு வந்தது உங்கட அண்ணன். பேரெழுதி ஒட்டினது நான், டொக்டர் கேக்கேக்க இல்லை எண்டு சொன்னதும் நான். மூண்டு பேரும் அவனில இருந்த ஆசையில செய்தது. இதைப் பங்கு பிரிச்சு உம்மட தலையில மட்டும் போட ஏலாது. அவனுக்குப் பாலைக் குடும்."

வனஜா அசையவில்லை. அபிதான் மூக்கால் தேடி, தானே பிடித்துக்கொண்டான். நோவில் அவள் பல்லைக் கடித்தாள். அவன் விழுங்கும் சத்தம் அறையில் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த சுகந்தியின் சட்டை இரண்டு பக்கமும் நனைந்து வந்தது. அவள் சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் இருந்து அபியின் காலைத் தடவினாள். நான் வாசலில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து வனஜா தலை நிமிராமல் கேட்டாள்.

"மச்சாள், ஒண்டு கேக்கட்டோ? என்ர பாலை... அவனுக்குப் பிடிச்சதோ?"

குழாயால் வயிற்றுக்குப் போன பாலின் ருசி ஒரு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். சுகந்தி முந்திக்கொண்டாள்.

"ஓம். உம்மட பால் தொடங்கி ரெண்டாம் நாள் மிஸ்ஸி பஞ்சுக் குச்சியில தொட்டு அவன்ர வாய்க்குள்ள வைச்சவ. சொண்டைக் குவிச்சுச் சப்பினவன் வனஜா. எடுக்கேக்க விடேல்லை. நாக்கை நீட்டி நீட்டித் தேடினவன்."

கண்ணாடிக்கு வெளியே நின்ற நான் அப்படி ஒன்றையும் காணவில்லை. அது நடந்ததா என்று சுகந்தியிடம் இன்றுவரை கேட்கவும் இல்லை. அந்த ஒன்பது நாளில் அவன் ஒரு தடவையாவது எதையாவது ஆசைப்பட்டுச் சுவைத்திருக்க வேண்டும் எனக்கு, அது அந்தப் பாலாக இருந்தாலும்.